புகார் வரையும் வரைபடமும் குரங்கு நடக்கும் பாதையும்

உங்கள் தாமானுக்குள் ஒரு குரங்குக் கூட்டம் புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குப்பைத்தொட்டி கவிழ்ந்து கிடக்கிறது. கொடியில் காய்ந்த துணி சேற்றில் கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி துடைப்பத்தோடு வாசலில் நிற்கிறார். யாரோ ஒருவர் தொலைபேசியை எடுத்து அதிகாரிகளிடம் புகார் சொல்கிறார். இப்படிப் புகார்கள் நூறு சேர்ந்தால் அதுவே ஒரு வரைபடமாகிவிடுகிறது. எங்கே பொறி வைப்பது, எந்த இடத்தில் எண்ணிக்கையைக் குறைப்பது என்று பேசும்போது அந்த வரைபடம்தான் மேசைக்கு வருகிறது.

அந்த வரைபடத்தில் அடிப்படையான கோளாறு ஒன்று உண்டு. குரங்கைக் கண்டு எரிச்சலடைந்த மனிதர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைத்தான் அது காட்டுகிறது. குரங்கு காலையில் எங்கிருந்து கிளம்பியது, வழியில் எதைத் தின்றது, ஏன் இந்தத் தெருவைத் தேர்ந்தது, இரவு எந்த மரத்துக்குத் திரும்பும் என்பதெல்லாம் அதில் இல்லை. புகார் சொல்ல ஆளில்லாத இடத்தில் குரங்கே இல்லை என்று அந்த வரைபடம் சொல்லும். இதை வைத்துக்கொண்டு ஒரு விலங்கின் தலைவிதியைத் தீர்மானிக்கலாமா? கூடாது என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களைத் தேடி நாம் ஆப்பிரிக்கா வரை போக வேண்டும். ஒரு குரங்கினம் தன் நிலத்தை எப்படிப் பயன்படுத்துகிறது என்ற கேள்வியை மிக நீண்ட காலம் பொறுமையாகக் கேட்டவர்கள் அங்கே பபூன்களின் பின்னால் நடந்தவர்கள்.

பபூன் என்றதும் மூத்த வாசகர்களுக்கு நாடக மேடையில் சிரிக்கவைக்கும் கோமாளி நினைவுக்கு வரலாம். அந்தப் பபூன் வேறோர் ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம்; இதற்கும் அதற்கும் உறவில்லை. நான் சொல்வது நாயைப்போல் நீண்ட முகம் கொண்ட, பெரும்பாலும் தரையில் நான்கு காலால் நடக்கும் பெரிய குரங்கை. பகலில் திறந்த வெளியில் இரை தேடும். இரவில் சிறுத்தைக்குப் பயந்து உயரமான மரத்திலோ செங்குத்துப் பாறையிலோ உறங்கும். அடர்ந்த காட்டில் மரம் விட்டு மரம் தாவும் குரங்கைத் தொடர்வது பெரும்பாடு. புல்வெளிப் பபூனையோ, அது நம்மைப் பழகிக்கொண்டால், காலையிலிருந்து மாலைவரை நடந்தே தொடரலாம்.

கென்யாவின் தெற்கே, கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் உள்ள அம்போசெலி சமவெளிக்கு ஜீன் ஆல்ட்மனும் அவர் கணவர் ஸ்டூவர்ட் ஆல்ட்மனும் 1963இல் முதன்முதலாகச் சென்றார்கள். 1971இல் அங்கே நிலையான ஆய்வு தொடங்கியது. இன்றுவரை நடக்கிறது. பாட்டி, தாய், மகள், பேத்தி என்று தலைமுறை தலைமுறையாகப் பெயர் சொல்லி அடையாளம் காணப்பட்ட பபூன்கள் அவை. அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடும் விலங்கு ஆய்வுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஜீன் ஆல்ட்மன் கணிதம் படித்தவர். அவர் 1974இல் எழுதிய ஒரு கட்டுரை, விலங்குகளைப் பார்க்கும் முறையையே மாற்றியது. அதற்குமுன் பலரும் கண்ணில் பட்டதை எழுதி வந்தார்கள். சண்டை நடந்தால் சண்டை, கூச்சல் கேட்டால் கூச்சல். இதில் என்ன தவறு? சத்தம் போடுவது எளிதில் கண்ணில் படும். புதருக்குப் பின்னால் அமைதியாகப் புல்லைப் பிடுங்கித் தின்னும் தாய் கண்ணில் படமாட்டாள். ஆக, குறிப்பேட்டைப் பின்னால் புரட்டுபவருக்குப் பபூன் வாழ்க்கையே ஓயாத சண்டை என்று தோன்றும். ஆல்ட்மன் சொன்ன வழி எளிமையானது, ஆனால் சலிப்பூட்டுவது: எந்த விலங்கைப் பார்ப்பது என்பதை முன்கூட்டியே வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். முறை வந்த விலங்கை மட்டும் குறிப்பிட்ட நிமிடங்கள் பாருங்கள். பக்கத்தில் என்ன களேபரம் நடந்தாலும் கண்ணைத் திருப்பாதீர்கள். அது சும்மா உட்கார்ந்திருந்தால் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்றே எழுதுங்கள்.

இப்போது நம் தாமானுக்குத் திரும்பிப் பாருங்கள். புகார் என்பது என்ன? கண்ணில் பட்டதை மட்டும் எழுதும் குறிப்பேடு. 1974இல் பபூன் ஆய்வாளர்கள் கைவிடத் தொடங்கிய முறையை 2020களில் நாம் நிர்வாக முறையாக வைத்திருக்கிறோம்.

அம்போசெலியில் சலிப்பைப் பொறுத்துக்கொண்டு பார்த்தவர்களுக்கு என்ன கிடைத்தது? முதலில், உணவு. வறட்சிக் காலத்தில் புல்வெளி வெறும் புழுதியாகத் தெரியும். பபூன் அங்கே உட்கார்ந்து மண்ணைத் தோண்டி, புல்லின் அடியில் இருக்கும் சிறு கிழங்குகளை எடுத்து, துடைத்துத் தின்னும். வேலமரப் பிசின், பூ, காய், விதை ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம், ஓர் இடம். ஸ்டூவர்ட் ஆல்ட்மன் பால்குடி மறக்கும் வயதுக் குட்டிகள் கடிக்கும் ஒவ்வொரு கவளத்தையும் கணக்கெடுத்தார். ஒரு வயதில் சத்துக் குறையாமல் தேடித் தின்னக் கற்ற பெண் குட்டிகள், பின்னாளில் நீண்ட காலம் வாழ்ந்து அதிகக் குட்டிகளை வளர்த்தன என்பது பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. அந்தக் குட்டிகளின் வாழ்நாள் முடியும்வரை யாரோ ஒருவர் அங்கே இருந்ததால்தான் அது தெரிந்தது. மூன்றாண்டு நிதியோடு வந்து, மூட்டை கட்டிப் போயிருந்தால் தெரிந்திருக்காது.

அடுத்து, படுக்கை. பபூன்களுக்கு உணவு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இரவு உறங்கும் மரம். அம்போசெலியில் அவை ஒரே மரத்தோப்பில் ஒன்றிரண்டு இரவு தங்கி, பிறகு சில நாள் வேறு தோப்புக்குப் போய்விடும். ஏன்? 1982இல் வந்த ஓர் ஆய்வு சுவையான விளக்கம் ஒன்றைத் தந்தது. மரத்தடியில் விழும் சாணத்திலுள்ள குடற்புழு முட்டைகள் பொரிந்து, தொற்றும் நிலைக்கு வரச் சில நாள் ஆகும். அந்த நாள்களில் பபூன்கள் அந்த இடத்தைத் தவிர்க்கின்றன. ஆக, ஒரு கூட்டத்துக்கு ஒரு தோப்பு போதாது. பல தோப்புகள் மாற்றி மாற்றி வேண்டும். காலியாக இருக்கும் மரத்தைப் பார்த்து ‘இதை யாரும் பயன்படுத்தவில்லை, வெட்டிவிடலாம்’ என்று சொல்பவர் இதை ஒருமுறை நினைக்க வேண்டும்.

நிலமும் ஒரே மாதிரி இருந்துவிடவில்லை. அம்போசெலியில் வேலமரங்கள் பெருவாரியாகப் பட்டுப்போயின. நிலத்தடியிலிருந்து உப்பு மேலேறியதே காரணம் என்றார்கள் சிலர். யானைகள்தாம் என்றார்கள் சிலர். பபூன்களின் எண்ணிக்கை சரிந்தது. பின்னாளில் சில கூட்டங்கள் தங்கள் பழைய வட்டாரத்தையே விட்டு, மரம் மிஞ்சியிருந்த பக்கம் குடிபெயர்ந்தன. கூட்டத்தின் அளவும் நடையைத் தீர்மானிக்கிறது. ஐந்து கூட்டங்களை 11 ஆண்டுகள் தொடர்ந்த தரவுகளை வைத்து 2015இல் கேத்தரின் மார்க்கமும் சக ஆய்வாளர்களும் ஒன்றைக் காட்டினார்கள். பெரிய கூட்டம் எல்லா வாய்க்கும் இரை தேட நெடுந்தூரம் அலைகிறது. சிறிய கூட்டமும் அதிகம் அலைகிறது. பெரிய கூட்டங்களுக்கும் கொடிய விலங்குகளுக்கும் ஒதுங்க வேண்டியிருப்பது அதற்குக் காரணமாக இருக்கலாம். நடுத்தரக் கூட்டமே குறைந்த அலைச்சலில் பிழைக்கிறது. அதன் பெண் பபூன்களின் உடலில் மன அழுத்தத்துக்கான இயக்குநீரும் குறைவாகவே இருந்தது. ‘பாதியைப் பிடித்துவிட்டால் தொல்லை பாதியாகும்’ என்று நம்மிடையே ஒரு கணக்கு உண்டு. சிறுத்துப்போன கூட்டம் முன்பைவிட அதிகத் தெருக்களில் அலையாது என்று யார் உறுதி சொல்வது?

இத்தனைக்கும் ஆதாரமாக இருப்பவர்கள் கென்யாவின் களப் பணியாளர்கள். ரஃபேல் முதுதுவா, சேரா சயியலெல், கின்யுவா வருதேரே ஆகிய பெயர்களை அம்போசெலிக் கட்டுரைகளில் திரும்பத் திரும்பக் காணலாம், பெரும்பாலும் இறுதியில் நன்றி சொல்லும் பகுதியில். நூற்றுக்கணக்கான பபூன்களை முகம் பார்த்துப் பெயர் சொல்லும் அறிவு எந்தக் கருவிக்குள்ளும் இல்லை, இவர்களிடம் இருக்கிறது. அறிவியல் செய்திகளில் இவர்கள் பெயர் வருவதே அபூர்வம் என்பது எனக்கு ஒரு நெடுநாள் ஆதங்கம்.

‘அதெல்லாம் அந்தக் காலம், இப்போதுதான் ஜிபிஎஸ் இருக்கிறதே’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கென்யாவின் மபாலா ஆய்வு மையத்தில் 2012இல் ஒரே கூட்டத்தைச் சேர்ந்த 25 பபூன்களுக்குக் கழுத்துப்பட்டை மாட்டினார்கள். பகல் முழுக்க ஒவ்வொரு விநாடியும் ஒவ்வொன்றின் இருப்பிடமும் பதிவானது. 12 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு பபூனுக்கு ஒரு பகலில் 43,200 புள்ளிகள். எந்தக் களப் பணியாளராலும் இதைச் செய்ய முடியாது. அரியானா ஸ்ட்ராண்ட்பர்க்-பெஷ்கின், டேமியன் ஃபரின், இயன் கூசின், மார்கரெட் குரோஃபூட் ஆகியோர் 2015இல் வெளியிட்ட முடிவு உலகெங்கும் செய்தியானது. எந்தப் பக்கம் போவது என்பதைக் கூட்டத்தின் வலுத்த ஆண் தீர்மானிப்பதில்லை. யார் வேண்டுமானாலும் கிளம்பிப் பார்க்கலாம். இரண்டு பேர் சற்றே விலகிய திசைகளில் கிளம்பினால் மற்றவை நடுவழியில் போகும். திசைகள் மிகவும் விலகியிருந்தால், அதிகம் பேர் கிளம்பிய பக்கம் போகும்.

‘பபூன்களின் ஜனநாயகம்’ என்ற பாணியில் செய்திகள் பறந்தன. எனக்கு அதைவிட, இதே குழு 2017இல் வெளியிட்ட இரண்டாவது ஆய்வுதான் பெரிது. அதற்கு அவ்வளவு கைத்தட்டல் கிடைக்கவில்லை. ஆளில்லா விமானத்தால் அந்த நிலத்தை மேலிருந்து படமெடுத்து, ஒவ்வொரு புதரையும் முப்பரிமாணத்தில் வரைந்து, பபூன்களின் காலடிகளை அதன்மேல் பொருத்திப் பார்த்தார்கள். அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதில் நிலத்துக்குப் பங்கு உண்டு. பாதைகளை அவை விரும்பின, புதர் அடர்ந்த இடத்தில் நடை மெதுவானது. ஆனால் எல்லாவற்றையும்விட வலுவாக இழுத்தது, சற்றுமுன் கூட்டாளிகள் பலர் நடந்துபோன இடம். ஒரு குரங்கு ஓரிடத்தில் இருப்பதற்கு அங்கே உணவு இருப்பது மட்டுமே காரணமாக வேண்டியதில்லை. அதன் உறவினர் அந்த வழியாகப் போயிருக்கிறார், அவ்வளவுதான். அதே கழுத்துப்பட்டைகள் இன்னொன்றையும் காட்டின: பழக்கமில்லாத மரத்தில் தங்கிய இரவில் பபூன்கள் குறைவாகவே உறங்கின, இழந்த தூக்கத்தை மறுநாள் ஈடுகட்டவும் இல்லை.

கருவி மட்டும் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நல்ல பாடம். மலைக்கும் கடலுக்கும் நடுவே வீடுகள் நெருங்கிய ஊர். அங்கே பபூன் கூட்டங்களை ஊருக்குள் வரவிடாமல் விரட்ட, சம்பளத்துக்குக் காவலர்களே உண்டு. கூட்டம் பெரும்பாலான நேரம் ஊருக்கு வெளியேதான் இருந்தது. நேரக் கணக்கின்படி திட்டம் வெற்றி. அப்படியும் வீடுகளில் பபூன் நுழைவது நிற்கவில்லை. ஸ்வான்சீ, கேப் டவுன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆண் பபூன்களுக்கு ஜிபிஎஸ்ஸோடு உடலசைவை அளக்கும் கருவியும் சேர்த்து மாட்டிப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. ஆண்கள் ஊரின் ஓரத்தில் நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. தருணம் வாய்த்ததும் ஒரே ஓட்டம்: உள்ளே போய், கிடைத்ததைத் தின்று, திரும்பிவிடுகின்றன. நாளின் மிகச் சிறு பகுதியில் வயிறு நிரம்பிவிடுகிறது. வரைபடத்தில் எத்தனை புள்ளி விழுந்தது என்று எண்ணினால் அந்தத் தெருவுக்கு மதிப்பே இராது. பபூனுக்கோ அதுதான் நாளின் முக்கியமான இடம்.

அதே கேப் பகுதியில் ஜஸ்டின் ஓ’ரியெய்னும் சக ஆய்வாளரும் இன்னொரு சங்கடமான உண்மையையும் எழுதினார்கள். பபூன்கள் தேர்ந்தெடுப்பது தாழ்வான, வளமான நிலத்தை. மனிதன் வீடு கட்டவும் திராட்சை பயிரிடவும் தேர்ந்தெடுத்ததும் அதையேதான். மலைச்சரிவு முழுக்கப் பபூனுக்கென்று விட்டிருக்கிறோமே என்று நகரம் சொல்லலாம். ஒதுக்கப்பட்டது மிச்சம் மீதி. நம் ஊரிலும் குன்றின் உச்சியைப் பசுமைப் பகுதி என்று விட்டுவிட்டு அடிவாரம் முழுதையும் வீட்டுமனையாக்கும் வழக்கம் உண்டு, இல்லையா?

‘பிடித்துக் காட்டில் விட்டுவிட்டால் போகிறது’ என்பது இன்னொரு வாதம். இதையும் பபூன்களை வைத்தே முறையாகச் செய்துபார்த்தவர் ஷெர்லி ஸ்ட்ரம். கென்யாவில் கில்கில் அருகே அவர் ஆய்வு செய்துவந்த கூட்டங்களின் பண்ணை நிலம், விவசாயிகள் கைக்கு மாறியது. பயிர் மேய்ந்ததால் மோதல் வந்தது. 1984இல் மூன்று கூட்டங்களை அவர் லைக்கிப்பியாவுக்கு மாற்றினார். கவனியுங்கள்: கூட்டத்தை உடைக்காமல், அவற்றை ஆண்டுக்கணக்கில் அறிந்தவரின் மேற்பார்வையில். அவை பிழைத்துக்கொண்டன. கூண்டில் சிக்கிய நாலைந்தை மட்டும் லாரியில் ஏற்றி எங்கோ இறக்கிவிடுவதற்கு இந்த அனுபவத்தைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.

இதெல்லாம் ஆப்பிரிக்கக் கதை, நமக்கென்ன என்று நினைப்பவர்களுக்குப் பேராக்கின் செகாரியைக் காட்டுகிறேன். அங்கே காட்டையொட்டிச் செம்பனைத் தோட்டங்கள். தேங்காய் பறிக்கப் பழக்கும் ‘பெருக்’ குரங்குகள் காட்டிலிருந்து தோட்டத்துக்குள் வரும். தோட்டக்காரர்களின் பார்வையில் அவை பழம் திருடும் பகை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் நாடின் ருப்பெர்ட், ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா ஹோல்ஸ்னர் முதலியோர் அவற்றைப் பின்தொடர்ந்து தோட்டத்துக்குள் என்ன செய்கின்றன என்று பார்த்தார்கள். குரங்குகள் பழம் தின்றன, உண்மை. கூடவே, செம்பனை மட்டைகளின் அடியில் ஒளிந்திருக்கும் எலிகளைப் பிடித்துத் தின்றன. ஒரு கூட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 எலிகள். 2019இல் வெளியான அந்த ஆய்வின்படி குரங்குகளால் ஏற்படும் பழ இழப்பு 0.56 விழுக்காடு, எலிகளால் ஏற்படும் இழப்பு சுமார் 10 விழுக்காடு. தோட்டப்புறத்தில் வளர்ந்த வாசகர்களுக்கு எலி என்றால் என்ன நட்டம் என்று நான் சொல்லத் தேவையில்லை. குரங்கு தோட்டத்துக்குள் நுழைகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்திதான். உள்ளே போய் மட்டையைப் புரட்டுகிறது என்பதை, பின்னால் நடந்து போனவர்கள்தான் கண்டார்கள்.

தாமான்களில் நாம் அதிகம் காண்பது ‘கேரா’ எனும் நீண்டவால் குரங்கு. எங்கு பார்த்தாலும் இருக்கிறதே என்று தோன்றும் இந்தக் குரங்கை அனைத்துலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2022இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக வகைப்படுத்தியது. கண்ணில் பட்டதை மட்டும் எண்ணும் குறிப்பேட்டை நம்பினால் இதை நம்பவே முடியாது. காட்டோரத்தில் நெருக்கித் தள்ளப்பட்டு நம் கண்முன் வந்து நிற்பதை நாம் பெருக்கம் என்று படித்துக்கொள்கிறோம்.

பிள்ளை கடிபட்ட தாயிடம் போய் ஐம்பது ஆண்டு காத்திருங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. மூடி இறுகப் பூட்டும் குப்பைத்தொட்டியை நாளைக்கே வைக்கலாம். காரை நிறுத்திக் கடலை எறியும் அன்பர்களை இன்றைக்கே தடுக்கலாம். ஆக்ரோஷமான ஒரு விலங்கை அப்புறப்படுத்த வேண்டிய நேரமும் வரும். நான் கேட்பது அதோடு சேர்த்து இன்னொன்று: ஊராட்சி மன்றம் பொறிக்குச் செலவிடும் முன், அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் இரண்டு மாணவர்களுக்கு, ஒரே ஒரு கூட்டத்தை, மழைக்காலமும் வெயில்காலமும் அடங்க ஓராண்டு பின்தொடரச் சம்பளம் கொடுக்கட்டும். கழுத்துப்பட்டை வாங்கக் காசில்லையென்றால் வேண்டாம். கையில் கடிகாரம், குறிப்பேடு, ஆல்ட்மனின் வரிசைமுறை. கூட்டத்தில் எத்தனை, எத்தனை தாய், எத்தனை குட்டி. காலையில் எந்தப் பக்கம் இறங்கின. எந்த வடிகாலைப் பாதையாக்கின. தெருவுக்குள் எத்தனை நிமிடம், அந்த நிமிடங்களில் வாயில் போனது என்ன. புகார் வராத நாள்களில் எங்கே இருந்தன.

அந்தத் தெருவாசிகளும் இதில் சேரலாம். முதல் கேள்விக்கு எந்தப் படிப்பும் வேண்டாம். மாலை ஏழு மணிக்கு, வெளிச்சம் மங்கும் முன், அவை எந்த மரத்தில் ஏறுகின்றன? மறுநாளும் அதே மரமா?